சென்ற ஆண்டுகளுக்கு வந்த வரி

வரி விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். எவரிடம் விதிப்பது, எவ்வளவு விதிப்பது என்னும் இரு வினாக்கள் பற்றியே உலக வரலாற்றில் வழக்குகளும் கலகங்களும் மிகுதியாக எழுந்துள்ளன. எந்தக் காலத்துக்கு விதிப்பது என்னும் மூன்றாவது வினா அத்துணை எளிதாக எழுவதில்லை. நடந்து முடிந்த ஒரு செயலுக்கு, பல ஆண்டுகள் கழித்து ஒரு சட்டம் இயற்றி, அதன் பெயரால் பணம் கேட்பது முறையா? பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் இந்த வினாவைக் கேட்டு நின்றனர். அவர்களுட் பலர் நாட்கூலிக்கும் வாரக்கூலிக்கும் ஒப்பந்தம் செய்து உழைத்தவர்.

ஒப்பந்தகாரர் என்றதும் இலங்கை நேயர்க்குப் பாலமும் பாதையும் கட்டுவோரே நினைவுக்கு வருவர். இங்கே கூறப்படுவோர் அவரல்லர். கணினி நிபுணர், பொறியியலாளர், மாற்றுப் பணிக்கு வரும் தாதியர், சமூக சேவை உத்தியோகத்தர், ஆசிரியர் எனப் பல தொழிலினரும் இவர்களுள் அடங்குவர். நிரந்தர உத்தியோகம் இன்றி, ஆறு மாதம் ஓரிடத்தில், மூன்று மாதம் வேறோரிடத்தில் என முகவர் நிலையங்களின் வாயிலாகப் பணிபுரிவது இவர்தம் வாழ்க்கை. நோயுற்றாற் சம்பளம் இல்லை. வேலை முடிந்தால் அடுத்த வேலை கிடைக்கும் வரையும் வருவாய் இல்லை. அதற்கு ஈடாகக் கூலி சற்று உயர்வாக இருக்கும்.

இத்தகையோர் கம்பனி அமைத்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் ஒருவகையிற் சட்டத்தாலேயே பிறந்தது எனலாம். 1975 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், முகவர் நிலையத்தின் வாயிலாக வேலை செய்பவரை ஊழியராகவே கருதி, அவர் சம்பளத்தில் வரியைக் கழிக்க வேண்டும் என்று விதித்தது. அப்பொறுப்பை ஏற்க விரும்பாத முகவர் நிலையங்கள் தனி ஆளை நேரே அமர்த்தத் தயங்கின. கம்பனி ஒன்றைப் பதிவு செய்துகொண்டு வருபவரையே விரும்பின. எனவே ஒருவரே முதலாளியும் ஒருவரே தொழிலாளியுமாக உள்ள சின்னஞ்சிறு கம்பனிகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. உரிமையாளர் தமக்குச் சிறு தொகையைச் சம்பளமாக எடுத்து, எஞ்சியதைப் பங்கிலாபமாகப் பெற்றனர். பங்கிலாபத்துக்குச் சமூகக் காப்புறுதிப் பணம் கட்டவேண்டியதில்லை. ஆதலால் அரசுக்கு வருவாய் குறைந்தது.

1999 மார்ச் 9 ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்துடன் இறைவரித் திணைக்களம் வெளியிட்ட பத்திரிகைக் குறிப்புகளுள் ஒன்றின் இலக்கம் 35. அவ்விலக்கமே பின்னர் ஒரு சட்டத்தின் பெயராயிற்று. 'ஐ. ஆர். 35' என்றால் இன்றும் பிரித்தானிய ஒப்பந்தப் பணியாளர் எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. 2000 ஏப்பிரல் 6 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இவ்விதி கூறியது யாதெனில், இடையிலுள்ள கம்பனியை நீக்கிப் பார்த்தால் ஊழியர் போலத் தோன்றுபவர், ஊழியரைப் போலவே வரி செலுத்த வேண்டும் என்பதாகும். சொல்வதற்கு இது நேரிய விதிதான். ஆனால் ஊழியர் என்பவர் யார்? அதற்குச் சட்டத்தில் நிறைவான வரைவிலக்கணம் இல்லை. வேலையை ஏவுபவர் யார், தமக்குப் பதிலாக வேறோர் ஆளை அனுப்ப உரிமை உண்டா, நட்டத்துக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு ஆராய்ந்து முடிவு கூறின. கற்றறிந்த நீதிபதிகளே பல நாள் விவாதித்துக் காணும் முடிவை, ஒப்பந்தப் பணியாளர் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் தாமே காண வேண்டியதாயிற்று. தவறாகக் கண்டால் பல ஆண்டு நிலுவை வந்து சேரும்.

இந்த அச்சத்திலேதான் வேறொரு வாணிகம் முளைத்தது. தனிக் கம்பனியே வேண்டாம், எங்கள் கம்பனியின் ஊழியராகச் சேர்ந்துகொண்டால் ஐ. ஆர். 35 உங்களைத் தொடாது என்று சிலர் முன்வந்தனர். பலரைத் தன் கீழ் வைத்துக்கொள்வதால் இத்தகையது குடைக் கம்பனி எனப்பட்டது. குடைக் கம்பனிகள் எல்லாம் குற்றமுடையன அல்ல. முறையாக வரி கழித்துச் சம்பளம் கொடுத்தனவும் உள. ஆயினும் வேறு சில, கடன் என்னும் ஒரு சூழ்ச்சியைக் கையாண்டன. உதாரணமாக, ஒருவர் வாரத்தில் ஆயிரம் பவுண் உழைக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு இருநூற்றைம்பது பவுண் சம்பளமாகத் தரப்படும். அதற்கு மட்டும் வரி கழிக்கப்படும். நூற்றைம்பது பவுணைத் திட்டத்தை நடத்துவோர் தமது கட்டணமாக எடுத்துக்கொள்வர். எஞ்சிய அறுநூறு பவுண் மான் தீவு போன்ற ஓரிடத்திலுள்ள நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து அவருக்கே 'கடனாக' வந்து சேரும். கடன் வருமானம் அன்று. ஆதலால் அதற்கு வருமான வரியும் இல்லை. குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் சலுகைக்கென ஒரு சிறு வரி மட்டும் உண்டு. கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது? பத்திரத்தில் ஏதோ ஒரு தவணை எழுதப்பட்டிருக்கும். அதைக் கேட்க எவரும் வரமாட்டார் என்று வாய்மொழியாகச் சொல்லப்படும்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றாற் கேட்பவருக்கு மதி இல்லையா என்பது நம் நாட்டுப் பழமொழி. பிரித்தானியாவிலும் இந்த வினாவைப் பலர் கேட்டனர். தம் உழைப்பின் பெரும்பகுதி கடனாக வருவதை ஏற்றவர், அதில் ஏதோ குறை உண்டு என்று அறியாதிருக்க முடியுமா? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தெரிந்தே சேர்ந்தவரும் இருந்தனர். வரியை மிச்சப்படுத்தும் ஆசையே அவரை இழுத்தது. ஆனால் எல்லாரும் அத்தகையோர் அல்லர். திட்டங்களை விற்றவர்கள் வரிச் சட்ட அறிஞரின் அபிப்பிராயங்களைக் காட்டினர். வேலைக்கு அனுப்பிய முகவர் நிலையமே குறிப்பிட்ட குடைக் கம்பனியைச் சுட்டியதும் உண்டு. பணியாளருட் சிலர் தமது வருடாந்த வரி அறிக்கையில் திட்டத்தின் பதிவிலக்கத்தையே எழுதித் திணைக்களத்துக்கு அனுப்பினர். 2004 ஆம் ஆண்டு முதல், வரி தவிர்க்கும் திட்டங்களை அரசுக்கு அறிவித்து இலக்கம் பெறவேண்டும் என்ற விதி இருந்தது. அந்த இலக்கம் அரசின் அங்கீகாரம் அன்று. எனினும் அரசின் இலக்கம் பொறித்த ஒன்றைச் சாதாரண மனிதர் எவ்வாறு எண்ணுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கை கிடைத்த திணைக்களம் சிலரிடம் விசாரணை தொடங்கி அதை ஆண்டுக்கணக்கில் முடிக்காது வைத்திருந்தது. சிலரிடம் ஒன்றுமே கேளாதிருந்தது. கேளாமையை அவர்கள் சம்மதம் என்று கொண்டனர்.

இங்கே சற்று நின்று, பின்னோக்கிச் செல்லும் சட்டங்களைப் பற்றிப் பிரித்தானியரின் பழைய வழக்கம் யாது என்று காண்பது பொருந்தும். பாராளுமன்றம் வழங்காத வரியை அரசு அறவிடலாகாது என்பது 1689 ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயத்திலேயே வரையப்பட்டது. அவ்விதி எத்துணைக் கடுமையாகக் காக்கப்பட்டது என்பதற்கு, கிப்சன் பௌல்ஸ் என்ற முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் இங்கிலாந்து வங்கியின் மீது தொடுத்த வழக்கு சான்றாகும். புதிய ஆண்டின் வருமான வரிச் சட்டம் நிறைவேறுமுன்னரே, பொதுமக்கள் சபையின் தீர்மானத்தை மட்டும் நம்பி வங்கி அவரது வட்டிப் பணத்தில் வரியைக் கழித்தது. 1912 ஆம் ஆண்டு நீதிமன்றம் அது தகாது என்று தீர்ப்பளித்தது. இதன் பயனாகவே 1913 இல், தீர்மானத்துக்குத் தற்காலிகச் சட்ட வலுவளிக்கும் புதிய சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியதாயிற்று. சில மாதம் முந்தி எடுத்ததையே பிழை என்று கண்ட நாடு அது.

ஆயினும் பாராளுமன்றம் தானே விரும்பிப் பின்னோக்கிச் சென்றால் அதைத் தடுப்பார் எவர்? 1942 ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவை நெருங்கியபோது, இரங்கூன் பகுதியிலிருந்த எண்ணெய் நிலையங்களைப் பிரித்தானியப் படையினரே அழித்தனர். இழப்பீடு கேட்ட பர்மா எண்ணெய்க் கம்பனிக்கு உரிமை உண்டு என்று 1964 இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முடிவு செய்தனர். அடுத்த ஆண்டிலேயே பாராளுமன்றம் யுத்த சேதச் சட்டத்தை இயற்றி, அத்தகைய உரிமை முன்னரும் இருந்ததில்லை என்பது போலாக்கிற்று. கைக்கு எட்டிய வெற்றி வாய்க்கு எட்டாது போயிற்று.

அந்த 1965 ஆம் ஆண்டின் டிசெம்பரில், அதே இலண்டன் மாநகரில் இலங்கை வழக்கு ஒன்றும் முடிவு கண்டது. 1962 சனவரியில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்பின், அதிற் சம்பந்தப்பட்டோரைத் தண்டிப்பதற்கென்றே இலங்கைப் பாராளுமன்றம் பின்னோக்கிய வலுவுடைய சட்டங்களை இயற்றியிருந்தது. அவ்வழி விதிக்கப்பட்ட தண்டனைகளைக் கோமறைக் கழகம் நீக்கியது. குறிப்பிட்ட சிலரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட அச்சட்டங்கள் நீதித்துறையின் அதிகாரத்திற் புகுந்து தலையிட்டன என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். இலங்கைக்கு எழுதப்பட்ட யாப்பு இருந்தமையால் இவ்வாறு கூற முடிந்தது. எழுதப்பட்ட யாப்பு இல்லாத பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு அத்தகைய வேலி கிடையாது. அங்கே பழக்கமும் நாணமுமே வேலி.

அப்பழக்கத்துக்கு ஓர் உருவம் கொடுக்க முயன்றவர் பீற்றர் றீஸ் என்னும் வரிச் சட்டத்தரணி. 1978 இல், வரி தவிர்ப்புத் திட்டம் ஒன்றை முறியடிக்க அரசாங்கம் ஈராண்டு பின்னோக்கிச் சென்றது. எதிர்க்கட்சியிலிருந்த றீஸ், அவ்வாறு செல்வதற்குச் சில நிபந்தனைகள் இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். அவற்றுள் தலையாயது, அரசு முன்னரே எச்சரிக்க வேண்டும், அவ்வெச்சரிக்கையும் பொதுவான கண்டனமாக அன்றித் திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்பது. எச்சரித்தபின் அடுத்து வரும் நிதி மசோதாவிலேயே சட்டம் கொணர வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. றீஸ் விதிகள் என்று பின்வந்தோர் இவற்றைக் குறித்தனர். அவை மதிக்கப்பட்டதும் உண்டு, மறக்கப்பட்டதும் உண்டு. யேர்சித் தீவின் வாயிலாக வருமானம் பெற்ற ஒருவர் வழக்கில் வென்றதும், 1987 இல் அவ்வழியைப் பாராளுமன்றம் பின்னோக்கியே அடைத்தது. 2008 இல், மான் தீவுக்கும் பிரித்தானியாவுக்கும் 1955 இல் ஏற்பட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பயன்படுத்திய ஒப்பந்தப் பணியாளர்மீது அதே 1987 ஆம் ஆண்டுச் சட்டம் விரித்து விளக்கப்பட்டது. சட்டத்தின் பொருள் எக்காலத்தும் அவ்வாறே இருந்தது எனவும் கொள்ளப்பட்டது. மனித உரிமையின் பெயரால் அதை எதிர்த்தவருக்கு 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் துணை நிற்கவில்லை.

இனிக் கடன் திட்டங்களின் கதைக்கு மீள்வோம். 2010 டிசெம்பர் 9 ஆம் திகதி அரசாங்கம் ஒரு நகற் சட்டத்தை வெளியிட்டது. மூன்றாம் ஆளின் வழியாக ஊழியருக்குச் சேரும் கடனும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. வேடம் பூண்ட ஊதியம் என்று திணைக்களம் அதற்குப் பெயர் சூட்டியது. 2011 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. இதன்பின் கடன் திட்டங்கள் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. திட்டம் விற்போர் சொற்களை மாற்றினர், தீவுகளை மாற்றினர், பெயர்களை மாற்றினர். புதிய சட்டம் தம்மைப் பற்றாது என்று சொல்லி மேலும் ஆட்களைச் சேர்த்தனர்.

2016 மார்ச்சில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போண் தமது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு புதிய வரியை அறிவித்தார். 1999 ஏப்பிரல் 6 ஆம் திகதிக்குப்பின் பெற்ற இத்தகைய கடன்களுள், 2019 ஏப்பிரல் 5 ஆம் திகதி திருப்பிக் கொடுபடாமல் எஞ்சியிருக்கும் தொகை முழுவதும் அந்த ஓர் ஆண்டின் வருமானமாகக் கணிக்கப்படும் என்பதே அது. கடன் வரி என்று அதனைச் சுருங்கக் கூறலாம். 2017 நவம்பரில் அது சட்டமாயிற்று. 320 கோடி பவுண் கிடைக்கும் என்று திணைக்களம் மதிப்பிட்டது. அதில் நான்கில் மூன்று பங்கு தொழில் கொள்வோரிடமிருந்து வரும் என்றும் கூறியது.

இவ்வரியின் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தாலன்றி அதன் பாரம் விளங்காது. ஆண்டுக்கு இருபதினாயிரம் பவுணாக எட்டு ஆண்டு கடன் பெற்ற ஒருவரின் பெயரில் ஓர் இலட்சத்து அறுபதினாயிரம் பவுண் நிற்கும். ஆண்டாண்டாகப் பிரித்து வரி கட்டியிருந்தால் நூற்றுக்கு இருபதோ நாற்பதோ கட்டியிருப்பார். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திரட்டும்போது அன்றைய விதிப்படி ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து வீதமாயிற்று; ஓர் இலட்சத்தைத் தாண்டியவருக்குத் தனியாள் விலக்குத் தொகையும் படிப்படியாகக் குறைந்து இல்லாது போகிறது. திட்டம் நடத்தியவருக்குக் கொடுத்த கட்டணம் திரும்பி வரப்போவதில்லை. பணமோ வாடகைக்கும் உணவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்றோ செலவாகிவிட்டது.

இது பின்னோக்கிய சட்டம் அன்று என்பதே அரசாங்கத்தின் வாதம். 2016 இல் அறிவித்தோம். 2019 இல் நிலுவையிலிருக்கும் கடனுக்கு வரி கேட்கிறோம். இடையில் மூன்றாண்டு அவகாசம் தந்தோம். கடனைத் திருப்பிக் கொடுத்தவருக்கு வரி இல்லை. இவ்வாறு அடுக்கப்பட்ட வாதத்தில் எழுத்தளவில் குறை காண்பது கடினம். ஆயின் இருபது ஆண்டுச் சம்பளத்தை மூன்று ஆண்டில் திருப்பிக் கொடுக்கத்தக்கவர் எவர்? இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. வரித் திணைக்களம் பழைய கணக்கைக் கிளறுவதற்குச் சட்டம் கால எல்லை வகுத்துள்ளது. வரி அறிக்கையைப் பெற்றால் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துள் விசாரணை தொடங்க வேண்டும். அதன்பின் வரி மதிப்பிடச் சாதாரணமாக நான்கு ஆண்டு, கவனக்குறைவு எனில் ஆறு ஆண்டு, வேண்டுமென்றே மறைத்தால் மட்டுமே இருபது ஆண்டு. உள்ளதை உள்ளவாறு எழுதி அனுப்பி, கால எல்லை கடந்து, கணக்கு மூடப்பட்டது என்றிருந்தவரிடம் கடன் வரி வேறு கதவால் வந்து நுழைந்தது. கள்ளம் செய்தவருக்கு உரிய இருபது ஆண்டு, கள்ளம் செய்யாதவருக்கும் பொதுவாயிற்று.

இதனிடையே கிளாஸ்கோ நகரின் றேஞ்சேர்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2001 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அக்கழகத்தின் விளையாட்டு வீரருக்கும் உத்தியோகத்தருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் வழியாகக் கடன் என்ற பெயரில் பணம் கொடுக்கப்பட்டது. 2012 இல் முதலாம் நிலைத் தீர்ப்பாயம் பெரும்பான்மையாகக் கழகத்தின் பக்கம் நின்றது; அவை கடன்களே என்றது. 2014 இல் மேல் தீர்ப்பாயமும் அவ்வழியே சென்றது. 2015 இல் ஸ்கொத்லாந்தின் மேன்முறையீட்டு நீதிபதிகள் அதைத் தலைகீழாக மாற்றினர். 2017 யூலை 5 ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் இறுதி முடிவு கூறிற்று. உழைப்புக்காகத் தரப்படும் பணம் மூன்றாம் ஆளிடம் சென்றாலும் ஊதியமே. ஆதலால் அதைக் கொடுக்கும்போதே வரியைக் கழித்திருக்க வேண்டும் என்றது. கழகத்தை நடத்திய பழைய கம்பனி அதற்குள் முறிந்து கலைக்கப்படும் நிலையை அடைந்திருந்தது.

இத்தீர்ப்பை இரு சாராரும் தமக்கே சாதகம் என்றனர். எங்கள் கொள்கை சரியென்று நிலைநாட்டப்பட்டது என்றது திணைக்களம். அவ்வாறாயின் வரியைக் கழித்திருக்க வேண்டியவர் தொழில் கொள்வோர் அல்லரோ, எங்களிடம் கேட்பது ஏன் என்றனர் பணியாளர். கடன் வரியும் முதலில் தொழில் கொள்வோரையே நாடியது. ஆனால் அவர் கம்பனியைக் கலைத்துவிட்டாலோ கடல் கடந்த தீவில் இருந்தாலோ பொறுப்பு பணியாளர் தலையில் விழும் என்றும் விதித்தது. குடைக் கம்பனிகளிற் பல கலைந்தோ கடல் கடந்தோ இருந்தன. திட்டத்தை ஆக்கி விற்றுக் கட்டணம் பெற்றவர் மீது இந்த வரி விழவேயில்லை. வேறொன்றையும் இத்தீர்ப்பின் வரலாறு காட்டுகிறது. 2012 இலும் 2014 இலும் தீர்ப்பாயங்களே கடன் என்று ஏற்றதை, அதற்கு முந்திய ஆண்டுகளில் ஒரு தாதி ஊதியம் என்று அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையாகும்.

2018 டிசெம்பரிற் பிரபுக்கள் சபையின் பொருளாதாரக் குழு, திணைக்களத்தின் அதிகாரங்களைப் பற்றிய கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. தமது பங்கேற்பை வெளிப்படுத்தியவரின் ஆண்டுகளையும், கால எல்லையால் மூடப்பட்ட ஆண்டுகளையும் வரியிலிருந்து நீக்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. 2019 ஏப்பிரல் வந்தது, வரி விழுந்தது. வீட்டை விற்றவர், முறிவடைந்தவராகப் பிரகடனம் செய்யும்படியானவர், மணவாழ்வு குலைந்தவர் ஆகியோரின் கடிதங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் குவிந்தன. வரி அச்சத்தோடு தொடர்புபட்ட பத்துத் தற்கொலை மரணங்களைத் திணைக்களமே பொலிஸ் நடத்தையை மேற்பார்வை செய்யும் சபைக்கு அறிவித்தது. தொகையைவிடத் தொகை தெரியாமையே பலரை வாட்டியது. கட்டவேண்டியது இருபதினாயிரமா, இரண்டு இலட்சமா என்று அறியாமல் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன.

2019 செப்டெம்பரில் அரசாங்கம் இறங்கி வந்தது. முன்னாட் கணக்காய்வாளர் தலைவர் சேர் அமியாஸ் மோர்ஸ் சுதந்திரமான மீளாய்வுக்கு நியமிக்கப்பட்டார். பொதுத்தேர்தல் குறுக்கிட்டமையால் அவர் அறிக்கை டிசெம்பர் 20 ஆம் திகதி வெளிவந்தது. சட்டம் எந்த நாளில் தெளிவாயிற்று என்பதே மோர்ஸ் தேடிய விடை. 2010 டிசெம்பர் 9 என்று அவர் கண்டார். அந்நாளுக்குப்பின் சேர்ந்தவர் அறிந்திருக்க வேண்டியவர். அந்நாளுக்கு முன் சேர்ந்தவரைத் தண்டிப்பது எல்லை கடந்தது. நியாயமான அளவு வெளிப்படுத்தியும் திணைக்களம் நடவடிக்கை எடாதிருந்த ஆண்டுகளையும் அவர் நீக்கச் சொன்னார். எஞ்சிய தொகையை மூன்று ஆண்டுக்குப் பிரித்துக் கணக்கிடவும் வழி கூறினார். இருபது பரிந்துரைகளுள் பத்தொன்பதை அரசாங்கம் ஏற்றது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பயனடைவர், பதினோராயிரம் பேர் முற்றாக விடுபடுவர் என்று கணித்தது. குறைந்த வருவாயினர் பத்தாண்டு கட்டியும் எஞ்சுவதைத் தள்ளுபடி செய்யலாம் என்ற ஒரு பரிந்துரையை மட்டும் ஏற்கவில்லை.

நாற்பதாண்டுக்கு முன் றீஸ் கேட்டது எச்சரிக்கை. மோர்ஸ் கண்டதும் எச்சரிக்கை கிடைத்த நாளையே. ஆயினும் சட்டத்தை வாசிக்கும் வழக்கறிஞருக்குத் தெளிவான நாளும், குடைக் கம்பனியின் சொல்லை நம்பிய பணியாளருக்குத் தெளிவான நாளும் ஒன்றாக இருப்பதில்லை. 2011 இலும் 2014 இலும் சேர்ந்தவர்கள் வரிக்குள்ளேயே நின்றனர். அவர்களது கூக்குரல் ஓயவில்லை. 2025 சனவரியில் நிதியமைச்சர் றேச்சல் றீவ்ஸின் அரசாங்கம் இரண்டாவது மீளாய்வைத் தொடக்கி, பட்டய வரி அறிஞர் கழகத்தின் முன்னாட் தலைவர் றே மக்கானிடம் ஒப்படைத்தது. வரி நியாயமானதா என்று ஆராய அவருக்கு ஆணை தரப்படவில்லை. இன்னும் தீர்த்துக்கொள்ளாதவர் எவ்வாறு தீர்த்துக்கொள்ளலாம் என்பதே அவருக்கு விடப்பட்ட வினா. 2025 நவம்பர் 26 ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்துடன் அவர் அறிக்கை வெளிவந்தது. தாமதத்துக்கான வட்டியை விடுதல், திட்டக் கட்டணமாகப் போன பணத்துக்கு ஓரளவு கழிவு கொடுத்தல் முதலியவற்றை அவர் கூறினார். அரசாங்கம் ஒன்று தவிர எல்லாவற்றையும் ஏற்று, ஒவ்வொருவருக்கும் 5,000 பவுண் மேலும் குறைப்பதாக அறிவித்தது. முன்னரே வீட்டை விற்று முழுவதையும் கட்டி முடித்தவர் அம்மீளாய்வின் எல்லைக்குள் வரவில்லை.

இக்கதையில் வரி ஒருபுறமிருக்க, கடன் பத்திரமும் அழியவில்லை. கடன் வரியைச் செலுத்துவதாற் கடன் தீர்ந்துவிடாது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. இதை உணர்ந்த சிலர், பழைய நம்பிக்கைப் பொறுப்பு நிதியங்களின் பத்திரங்களை விலைக்கு வாங்கினர். பத்து, பதினைந்து ஆண்டுக்கு முன் கையொப்பமிட்டுக் கொடுத்த பத்திரத்தின் பிரதியுடன், அசலைத் திருப்பித் தருமாறு ஒப்பந்தப் பணியாளர் பலருக்குக் கடிதங்கள் வந்தன. அப்பணம் சம்பளமே என்று திணைக்களம் கேட்டு எழுதிய கடிதமும், அதே பணம் கடனே என்று பத்திரம் வாங்கியவர் கேட்டு எழுதிய கடிதமும் ஒரே வீட்டின் கதவடியில் வந்து கிடந்தன.